துரையின் ஜீப் இன்னும் போகவில்லை

லிந்துலைக் கடைவீதியைத் தாண்டி மேலே ஏறுகிற பாதையில் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் இருக்கிறது. முன்னால் துரையின், அதாவது தோட்ட மனேஜரின், அறை. பின்னால் கிளாக்கர்மார் இருக்கும் நீள அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதிலும் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்திருப்பதால், அந்தப் பக்கம் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் இந்தப் பக்கம் தெரியும். நீள அறையில் ஜன்னலோர மேசைக்காரர்தான் நம்ம முத்துலிங்கம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தோட்டத் தொழிலாளர்கள் அத்தனை பேருடைய வேலைநாள் கணக்கும் அவர் பொறுப்பு. கைசுத்தம், வாய்சுத்தம், பிளேன்டீக்கு மேல் ஒரு பழக்கம் கிடையாது. அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து அவருடைய மனைவி நிஷாந்தி, "நீங்க ஒரு வியாதிக்காரரு" என்று ஒருநாள் சொன்னாள் என்றால், சும்மா சொல்லியிருக்க மாட்டாள்.

வியாதி இதுதான். அவருக்கு வேலை செய்யத் தெரியும், நன்றாகவே தெரியும், முடிக்கத்தான் தெரியாது. ஒரு கூட்டலைப் போட்டால் மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவருக்குச் சந்தேகம் வரும். இவ்வளவு லேசாக ஒத்துவருகிறதே, எங்கேயோ பிழை இருக்கிறது என்று மூன்றாம் தரம் பார்ப்பார். அலுமாரியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். அந்தப் பூட்டு இத்தனை வருடம் தாக்குப் பிடித்ததே பெரிய காரியம்.

இதில் பக்கத்து மேசைத் தர்ஷன் வேறு. பெக்டரிச் சங்கு ஊதினால் போதும், பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிடுவான். போகிறவன் சும்மா போவதில்லை. "அண்ணே, இத மட்டும் கொஞ்சம் பாத்துடுங்க. உங்க கை பட்டாத்தான் சரி வரும்" என்று ஒரு கட்டுக் காகிதத்தை முத்துலிங்கத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போவான். அவருக்கு மறுக்க வாய் வராது. மறுப்பதற்கென்று ஒரு சொல் தமிழில் இருப்பதையே அந்த மனிதர் கேள்விப்பட்டதில்லை போல.

ஏன் இப்படி என்று கேட்டால் அவரிடம் ஒரு பதில் உண்டு. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குச் சொன்ன கிலோ வந்தால் அன்றைக்கு முழுப் பேர் போடுவார்கள், அதாவது முழுநாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப் பேர். அவருடைய அம்மா அழகம்மை ஒரு மழைநாளில் அரைப் பேரோடு லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து, மழைக்குப் போர்த்திய ஈரக் கொங்காணியைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பையனாக இருந்த முத்துலிங்கம் அதைப் பார்த்தார். கொழுந்துக்காரிக்குக் கிலோ இருக்கிறது, தராசு சொல்லிவிடும். ஆபீஸ்காரனுக்கு எது கிலோ? எப்போது முழுப் பேர் விழுந்தது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அடுப்படியில் அவருடைய அண்ணன் மூக்கனும் இருந்தார். அவரும் அதே அம்மாவைத்தான் பார்த்தார். "அரப் பேருன்னா இன்னைக்கு அர வயித்துக்குத்தானம்மா ஆக்குவ?" என்று கேட்டு அடி வாங்கினார். இன்றைக்கு லிந்துலையில் ஓட்டோ ஓட்டுகிறார். மழை பிடித்தால் ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டு உள்ளேயே குறட்டை விடுவார். சவாரிக்காரர் தட்டினால், வேறு வண்டி பாருங்க என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார். ஒரே வயிறு, ஒரே லயம், ஒரே அரைப் பேர். ஒருவருக்கு அது பயமாக இறங்கியது, மற்றவருக்குச் சிரிப்பாக. ஆகவே அம்மாவின் மேல் பழியைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் அப்படி, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தோதாக ஆபீசில் ஒரு பழைய வழக்கமும் இருந்தது. துரையின் ஜீப் வாசலை விட்டுப் போன பிறகுதான் கிளாக்கர் எழும்ப வேண்டும். எழுதி ஒட்டிய சட்டமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எவரோ பயந்துபோய் உட்கார்ந்திருப்பார். அந்தப் பயத்தை அடுத்தவர் வாங்கிக்கொண்டார், அவரிடமிருந்து அடுத்தவர். முன்பிருந்த துரை சங்கு ஊதுவதற்கு முன்பே கிளப்புக்குக் கிளம்பிவிடுவார் என்பதால் யாருக்கும் நட்டமில்லாமல் இருந்தது. போன வருடம் வந்த புதுத் துரை வேறு மாதிரி. சின்ன வயது, குருநாகல் பக்கத்துச் சிங்களவர், மரியாதையான பிள்ளை. ஆனால் பொழுது இறங்கிய பிறகும் அவர் அறையில் விளக்கு எரியும். ஜீப் வாசலிலேயே நிற்கும். தர்ஷனுக்கு இந்த வழக்கமெல்லாம் காதில் ஏறாது. முத்துலிங்கத்துக்குக் காதில் ஏறி, தலைக்கும் ஏறிவிட்டது.

நிஷாந்தி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், தலவாக்கலை வகுப்பு வரும்வரை.

அவளுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. பல வருடமாகத் தற்காலிகம் என்ற பெயரிலேயே ஓடுகிறது. இப்போது தலவாக்கலையில் ஒரு டிப்ளோமா வகுப்பு தொடங்கியிருந்தார்கள். செவ்வாயும் வியாழனும் மாலையில். அதை முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் வெளியிலிருந்து டிப்ளோமா உள்ள வேறொருத்தியைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய வயதுக்கு இந்த வருடத்தோடு கதவு மூடிவிடும். வகுப்புக்காரர்களும் கறார். முதல் மூன்று வகுப்புக்கு வராதவர்களின் பெயரை எடுத்துவிட்டு அடுத்து நிற்கிறவரைச் சேர்த்துக்கொள்வார்களாம்.

"செவ்வாயும் வியாழனும் மட்டும்தான். சங்கு ஊதுனதும் வந்துருங்க. நீங்க வந்து புள்ளயப் பாத்தாத்தான் நான் பஸ்ஸப் புடிக்கலாம்."

"வந்துர்றேன்."

"நெசமா?"

"வந்துர்றேன்னு சொல்றேன்ல."

அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பிள்ளையை விட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பெத்த தகப்பன் கூப்புடு தூரத்துல சும்மா உக்காந்திருக்கப்ப, நான் எதுக்கு ஊரு வீட்டு வாசல்ல நிக்கணும்?" என்றாள்.

முதல் செவ்வாய்க்கிழமை. சங்கு ஊதியது. முத்துலிங்கம் ஸ்வெட்டரை மாட்டினார். உண்மையாகவே மாட்டினார், குடையைக்கூடக் கையில் எடுத்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஜீப் நிற்கிறது. இந்தா போய்விடும் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்க முடியாமல் தர்ஷனின் காகிதத்தை எடுத்தார். தலை நிமிர்ந்தபோது தலவாக்கலை பஸ் கீழே வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அது எந்த பஸ், யார் அதில் இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஐயோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மட்டும் பேனாவை விடவில்லை.

வீட்டில் நிஷாந்தி சத்தம் போடுவாள் என்று பயந்துகொண்டே போனார். அவள் சத்தம் போடவில்லை. சாப்பாடு வைத்தாள். தட்டில் பாதிக்குச் சோறு. பாதிக்குக் கறி. பாதி அப்பளம். அவித்த முட்டையை நூல் பிடித்து வெட்டி, அதிலும் பாதி.

"இது என்ன?"

"அரப் பேரு."

"என்னது?"

"இன்னைக்கு ஒங்களுக்குக் கிலோ வரல. கிலோ வரலன்னா நீங்க என்ன போடுவீங்க? அரப் பேருதானே? அதான் நானும் போட்டேன்."

"அது கம்பனிச் சட்டம்."

"இது வீட்டுச் சட்டம். சாப்புடுங்க."

மகள் ஹம்சினிக்கு ஆறு வயது. அவள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் பாதி வெளியே வந்தது. ஊருக்கெல்லாம் அரைப் பேர் எழுதுகிற கை முத்துலிங்கத்தினுடையது. எந்த வாயால் அநியாயம் என்பார்? ஆனாலும் சும்மா இருந்தால் அவர் முத்துலிங்கம் இல்லையே. முட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சக் கரு அந்தப் பக்கம் கூடப் போயிருச்சி" என்றார்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்குத் துரைசாணி வந்தாள், அதாவது துரையின் மனைவி. வீட்டில் கிடந்த பழைய விளையாட்டுச் சாமான்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் பாயில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெரிய பங்களாவில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத கொடுமை முகத்தில் எழுதியிருந்தது. நிஷாந்திக்குக் கடைவீதிச் சிங்களம் வரும். இருவரும் சிங்களத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

"உன் புருஷனுக்கு வீடு வாசல் கிடையாதா?" என்று கேட்டாள் துரைசாணி.

நிஷாந்திக்குச் சுருக்கென்றது. "ஏன் நோனா?" என்றாள். சிங்களத்தில் அம்மணிக்கு நோனா.

"தினமும் இருட்டிய பிறகுதான் என்னுடைய ஆள் வீட்டுக்கு வருகிறார். கேட்டால் உன் புருஷனைக் காட்டுகிறார். அந்தக் கிளாக்கர் இன்னும் வேலை செய்கிறார், அவரை விட்டுவிட்டு நான் எப்படி எழும்பி வருவது என்கிறார். கொழும்பில் கம்பனி கொடுத்த பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களாம், தலைவனாக இருப்பவன் கடைசி ஆளாகத்தான் போக வேண்டும் என்று."

"அதுவரைக்கும் துரை என்ன செய்வார்?"

"கொம்பியூட்டரில் சீட்டு விளையாடுவார். நடுவில் எனக்கு மெசேஜ் வரும். இன்னும் லைட் எரிகிறது, இன்னும் லைட் எரிகிறது என்று."

நிஷாந்தி சிரித்த சிரிப்பில் தூளியில் கிடந்த குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே விசயத்தைத் துரைசாணிக்கு விளக்கினாள். ஜீப் போகாததால் அவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் போகாததால் ஜீப் நிற்கிறது. துரைசாணி முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததில் மீதிக் குழந்தைகளும் எழும்பிவிட்டன.

அன்று மாலை நிஷாந்தி இதை முத்துலிங்கத்திடம் சொல்லாமல் இல்லை. சொன்னாள். "சும்மா வெளயாடாத. தொரைக்கு ஆயிரம் வேல இருக்கும்" என்று அவர் தட்டிவிட்டார். பங்களாவில் துரைசாணி சொன்னதையும் துரை நம்பவில்லையாம். சரிதான், இந்த மனிதருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும் என்று நிஷாந்தி துரைசாணிக்குப் போன் போட்டாள்.

வியாழக்கிழமை. சங்கு ஊதிய கையோடு துரைசாணி ஜீப் டிரைவரைக் கூப்பிட்டாள். கடைக்குப் போக வேண்டும், ஜீப்பை உடனே பங்களாவுக்குக் கொண்டுவா. ஜீப் உறுமிக்கொண்டு வாசலை விட்டுப் போனது. கீழே வீட்டு வாசலில் நிஷாந்தி மடிப்புக் கலையாத சேலையும் தோளில் பையுமாக நின்று, ஜீப் போவதைப் பார்த்தாள். மனதுக்குள் ஒரு துள்ளல். இனி மனிதர் வந்துவிடுவார்.

ஜன்னலில் முத்துலிங்கமும் பார்த்தார். அவருக்கும் உள்ளே ஏதோ துள்ளியது. குடையை எடுத்தார். அலுமாரிப் பூட்டை ஒரே ஒரு தரம்தான் இழுத்தார், அன்றைக்கு அது பெரிய சாதனை. வாசல்படிவரை போய்விட்டார். அங்கேதான் சனி பிடித்தது. துரை இவ்வளவு நேரத்தோடு ஒருநாளும் போனதில்லையே. விளக்கைக்கூட அணைக்காமல் போயிருக்கிறாரே, ஏதாவது அவசரமாக இருக்கும். இந்த நேரத்தில் கம்பனியிலிருந்து போன் வந்தால் யார் எடுப்பது? துரையும் இல்லை, தானும் இல்லை என்றால் ஆபீசில் பொறுப்பான ஆள் யார்? திரும்பி வந்தார். குடையை ஆணியில் மாட்டினார். உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் துரை இருந்ததால் இருந்தவர், அன்றைக்குத் துரை இல்லாததால் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துரை, இன்னும் இந்தப் பக்கத்து லைட் எரிகிறதே என்று பெருமூச்சு விட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். இப்படி ஒரு கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

பஸ் வந்தது, வளைவில் நின்றது, போனது. நிஷாந்தி வாசலிலேயே நின்றாள்.

அன்றைக்குத் தட்டில் முழுச் சோறு. முழு அப்பளம். முத்துலிங்கத்துக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

"கோவமா?" என்றார்.

"நான் தொரைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "தொரை இல்ல. நீங்கதான். அந்த ஜீப்ப மலையிலருந்து உருட்டிவிட்டாலும் நீங்க வரமாட்டீங்க. நானும் அந்த நோனாவும் சேர்ந்துதான் ஜீப்ப எடுத்தோம். தொரை உள்ளதான் இருந்தாரு."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கே என்னன்னு தெரியல, நிஷாந்தி. எழும்புனா எதையோ விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார்.

"விட்டுட்டுத்தான் உக்காந்திருக்கீங்க. எங்கள." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "ரெண்டு கிளாசு போச்சி. செவ்வாக்கெழம போகலன்னா பேர எடுத்துருவாங்க. அதுக்கப்புறம் எவளாச்சும் ஒரு சின்னப் பொண்ணு வந்து, நான் வளத்த புள்ளைங்கள எப்படி வளக்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுப்பா. நான் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

முத்துலிங்கம் முழுத் தட்டையும் அன்றைக்கு அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

செவ்வாய்க்கிழமை சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பே நிஷாந்தி ஆபீசுக்குள் நடந்து வந்தாள். அதே சேலை, அதே பை. கையில் ஹம்சினி. தர்ஷன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆபீசைக் கூட்டித் துடைத்து, கடைசியில் பூட்டுகிற ராசம்மா விளக்குமாற்றோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிஷாந்தி யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கி முத்துலிங்கத்தின் மேசைப் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார வைத்தாள்.

"ஒங்க வேல முடியறப்ப கூட்டிக்கிட்டுப் போங்க. முடியலன்னா இங்கயே இருக்கட்டும். நான் போறேன்."

போய்விட்டாள். முத்துலிங்கம் எழும்பினார், உட்கார்ந்தார், மறுபடி எழும்பினார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் பஸ்ஸில் ஏறுவது தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. கூடவே, தன்னால் அவள் ஏறவில்லை, தன்னை மீறித்தான் ஏறினாள் என்பதும் உறைத்தது.

ஆறு வயதுப் பிள்ளை ஆபீசில் எவ்வளவு நேரம் வாங்கில் இருக்கும்? முதலில் தோட்டத்து முத்திரையை எடுத்துத் தன் இரண்டு கையிலும் குத்திக்கொண்டாள். பிறகு முழங்காலில். தர்ஷன் அன்றைக்கும் ஒரு கட்டுக் காகிதம் வைத்துவிட்டுப் போயிருந்தான், அதிலும் நாலைந்து குத்தினாள். முத்துலிங்கம் அதைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆபீசே அதிர்கிற மாதிரிக் குரல் வந்தது.

"அப்பா, தொரை சீட்டு வெளயாடுறாரு. மூக்கன் பெரியப்பா போன்ல வெளயாடுவாருல்ல, அதேதான்."

துரை வெளியே வந்தார். காது மடல் சிவந்திருந்தது. "முத்துலிங்கம், வேலை இன்னும் முடியவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"முடிஞ்சது சேர். சேர் போகட்டும்னுதான் இருக்கிறேன்."

"நானா? நீர் போகட்டும் என்றல்லவா நான் இருக்கிறேன்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிஷாந்தி சொன்னது விளையாட்டில்லை என்று முத்துலிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தால் மட்டும் போதுமா? இரண்டு பேரும் வாசல்வரை வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள்.

"சேர் முதல்ல போங்க."

"இல்லை, இல்லை. நீர் போம்."

"எப்படி சேர்? சேருக்கு முன்னால நான்..."

"நான் கடைசியாகத்தான் போக வேண்டும் முத்துலிங்கம். அதுதான் முறை."

இப்படியே விட்டால் விடிந்துவிடும் போலிருந்தது. வந்தாள் ராசம்மா. இடுப்பில் சாவி, கையில் விளக்குமாறு. துரைக்குச் சிங்களத்தில் ஒரு தரம், கிளாக்கருக்குத் தமிழில் ஒரு தரம், ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். தமிழில் கொடுத்தது இது:

"போன வருசத்துலருந்து பாத்துக்கிட்டிருக்கேன். அவரு ஒங்களுக்காக, நீங்க அவருக்காக, ரெண்டு பேருக்குமா நான். எனக்கும் வீடு இருக்குங்கையா."

"ஒனக்கு இது முன்னாடியே தெரியுமா ராசம்மா?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

"தெரியாம?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அப்ப எனக்கு ஓவர்டைம் இருந்துச்சி. இந்த மாசத்துலருந்து கெடையாதுன்னு நீங்கதானே நோட்டீசு ஒட்டுனீங்க? நகருங்க."

சொல்லிவிட்டு அவர்கள் காலடியிலேயே கூட்ட ஆரம்பித்தாள். அவள் கிளப்பிய தூசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிக்கு வெளியே குதித்தார்கள். யார் முதலில் போனது, யார் கடைசி என்று ராசம்மாவைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. பிள்ளையைத் தூக்கி முத்துலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்க்க வந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நடையைக் கட்டினார்.

வீட்டுக்குப் போன மனிதருக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. சீனி எந்தப் போத்தலில், பால்மா எந்தத் தட்டில் என்று எல்லாம் ஹம்சினிதான் காட்டிக்கொடுத்தாள். பாலைக் கரைத்தார், கட்டி கட்டியாக நின்றது. பிள்ளை குடிக்க மாட்டேன் என்றுவிட்டது, அவரே குடித்தார். உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஓடுகிறதா என்று கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பஸ் வர இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது, ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குக் குல்லாவை மாட்டி, பாதைக்கு ஏறிவிட்டார்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், அதன் பக்கச்சுவர், அவ்வளவுதான். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தலவாக்கலையிலிருந்து பஸ் வந்தது. இறங்கியவர்களில் நிஷாந்தி இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தார், இல்லை. கண்டக்டர் கதவைத் தட்ட பஸ் போய்விட்டது. போன் எடுத்தார், மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. வகுப்பில் ஏதாவது தகராறோ, பேரை ஏற்கெனவே எடுத்துவிட்டார்களோ, வழியில் எங்காவது அழுதுகொண்டு நிற்கிறாளோ என்று மனம் கண்டபடி ஓடியது. காலை மாற்றி மாற்றி நின்றார். வராத ஆளுக்காகப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிஷாந்தி இதை எத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பிள்ளை பார்க்காத பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நன்றாக இருட்டிய பிறகு அடுத்த பஸ் வந்தது. நிஷாந்தி இறங்கினாள். போன இரண்டு வகுப்பில் நடத்தியதையும் கேட்டு எழுதிக்கொண்டு வர, நேரமாகிவிட்டது. முகம் மலர்ந்திருந்தது, கூட இறங்கிய பெண்ணோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். பாலத்துச் சுவரோரம் குடையோடு நின்ற ஆளைத் தாண்டியே போய்விட்டாள். அவர் அங்கே நிற்பார் என்று அவளுடைய கண்ணுக்கு என்ன தெரியும்?

"நிஷாந்தி" என்றார்.

திரும்பினாள். பஸ்ஸின் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள். பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"புள்ளைக்கு என்ன?"

பிள்ளை குல்லாவோடு பக்கத்திலேயே நிற்பது அப்புறம்தான் தெரிந்தது.

"அப்ப யாருக்கு? மூக்கன் அத்தானுக்கா? எங்க அம்மாவுக்கா? சொல்லுங்க. யாரு செத்துட்டாங்க?"

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் நேரத்தோடு ஆபீசை விட்டு வந்தது இரண்டே தரம். ஒன்று அழகம்மையின் சாவு, மற்றது நிஷாந்தியின் அப்பா சாவு. அவளுக்கு வேறு என்ன தோன்றும்? முத்துலிங்கம் அவளுடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றார். "ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. குனிந்து மகளிடம் கேட்டாள். "அப்பா பொய் சொல்றாரா?"

"இல்லம்மா. ராசம்மா ஆயா வெளக்குமாத்தால கூட்டித் தள்ளிட்டாங்க."

நிஷாந்தி பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம். கீழே கிடந்த பையை எடுத்து மண்ணைத் தட்டினார். ஒரு வழியாக அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பினாள்.

"இனிமே இப்படிச் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்காதீங்க" என்றாள். "போன் பண்ணிட்டு வாங்க. எனக்கு உசுரே போயிருச்சி."

"பண்ணினேன். நீ எடுக்கல" என்றார் முத்துலிங்கம்.